நூற்று இருபது தாள்களும் இருபத்தேழு சாவுகளும்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் தும்மல் ஒன்றைத் தவிர மற்ற அனைவரும் சௌக்கியம். அங்கே தாங்கள் சௌக்கியமாக இருப்பதையும், தங்கியிருக்கும் அறையில் மின்விசிறி காற்றைக் கொடுக்காமல் சத்தத்தை மட்டும் கொடுப்பதையும் பாப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். மாமா எப்படி இருக்கிறார் என்று தாங்கள் விசாரித்ததையும் அவள்தான் சொன்னாள். நலமாக இருக்கிறேன் என்று நான் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாளா என்று தெரியவில்லை. அதனால் அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். நலம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். தாங்களும் பாப்பாவும் பேசும்போதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவள் வாயால் சொல்ல வைக்கவும் மனம் வரவில்லை. தாங்கள் கேட்டிருந்த பிளாஸ்டிக் உறைக் கட்டோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். உறைகளை எண்ணுவதற்கு முன்பு இதைப் படிக்கவும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

எந்த விவகாரத்தையும் ஆதியிலிருந்து எழுதவேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் முறை, ஆகவே தங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். இரண்டு வருடத்துக்கு முன்பு தாங்கள் லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, முன் அறையில் பழைய வீடியோ கேம் பத்திரிகைகளையும் விளையாட்டுப் புத்தகங்களையும் வாங்கி விற்கும் தொழிலை ஆரம்பித்தீர்கள். அந்த மாதமே ஒரு உறவுக்காரர் வீட்டில், பதினாலு பேர் கூடியிருக்கும்போது, "மாப்பிள்ளை இப்ப பழைய பேப்பர் கடை வெச்சிருக்கார்" என்று நான் சொன்னேன். தமாஷுக்குச் சொன்னேன் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். தமாஷுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாம் இருவரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டாலும், "மாமாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று தாங்கள் பாப்பாவிடம் சொல்வதும், "போதும்னு சொல்லும்மா" என்று நான் பாப்பாவிடம் சொல்வதுமாக, பெற்ற மகளை ஒரு தபாலாபீஸ் ஜன்னலாக்கி வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, பழைய சரக்கு வாங்க வெளியூருக்குக் கிளம்பும் நாளில் தாங்கள் அவளிடம், "மாமாகிட்ட கேட்டுப் பாரு, அவருக்குப் புத்தகத்தைப் பாக்கத் தெரியும்" என்று சொன்னதாக அவள் வந்து சொன்னபோது, நான் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டதற்கு, "அப்பா, வேணும்னா ரெக்கார்டு பண்ணித் தரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஆனால் சரி என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

காரியத்தின் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. எண்பத்தாறு உருப்படிகளையும் பார்த்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைச் சீட்டு எழுதவேண்டும். வியாழக்கிழமை பல் டாக்டர் வந்து பார்ப்பார். போன தடவை அவர் வாங்கிப்போன ஒரு பத்திரிகையில் நடுப்பக்க வரைபடம் இல்லாமல் போய், இன்னொரு தரம் நிலைச் சீட்டில் பொய் இருந்தால் இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வராவிட்டால் அவர் முகத்தைப் பார்த்து வாங்குகிற மற்ற பதினோரு பேரும் வரமாட்டார்கள். பிறகு தாங்கள் மறுபடியும் லிஃப்ட் பழுதுபார்க்கத்தான் போகவேண்டும், நான் சொன்னது சரியாகிவிடும். நான் சொன்னது சரியாகிவிடக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் முறை. அரசாங்க அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் முப்பத்தோரு வருடம் பக்கம் சரிபார்த்தவன் நான். என் மேஜையைத் தாண்டி ஒரு புத்தகம் ஒரு பக்கம் முன்பின்னாகப் போனது கிடையாது. அந்தத் தைரியத்தில் ஒத்துக்கொண்டேன்.

முதலில் என்னைக் குழப்பியது தாங்கள் சுவரில் ஒட்டிவிட்டுப் போன நிலைப் பட்டியல். மின்ட், நியர் மின்ட், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று ஏழு படிகள். மேலே இருப்பது மேல், கீழே இருப்பது கீழ், அதுவரைக்கும் சரி. ஆனால் குட் என்பது கீழேயிருந்து மூன்றாவதாக இருக்கிறதே, தவறிப்போய் மாற்றி எழுதிவிட்டீர்களோ என்று பாப்பாவிடம் கேட்டேன். அவள் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், "அப்பா, குட்னா நல்லா இல்லன்னு அர்த்தம். அட்டை கிழிஞ்சு, முதுகு விட்டுப்போய், ஆனா பக்கமெல்லாம் இருக்குன்னா அது குட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. முப்பத்தோரு வருட சர்வீஸில் என் மேலதிகாரி என் ரகசியக் குறிப்பில் ஆண்டுதோறும் குட் என்றுதான் எழுதினார், நானும் அதை நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டதற்கு, "அவர் பட்டியலைப் பாத்துத்தான் எழுதியிருக்கார்" என்றாள்.

அடுத்த குழப்பம், மின்ட் என்றால் யாரும் படிக்காதது என்பது. ஒருவர் ஒரு முறை படித்தால் ஒரு படி இறங்குகிறது. ஆசையாக மூன்று முறை படித்தால் வெரி குட்டுக்கு வந்துவிடுகிறது. புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனவன் கையில் அது புவர். நாங்கள் அச்சகத்தில் படிப்பதற்காகத்தான் புத்தகம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு, பழசாக இருக்கவேண்டும், ஆனால் பழசு என்று தெரியக்கூடாது என்கிறது தங்கள் பட்டியலின் நாலாவது குறிப்பு. இதற்கும் உங்கள் அத்தை ஒரு கருத்துச் சொன்னாள், அதை இங்கே எழுத இடம் போதாது.

ஆறாவது குறிப்பு, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கவும், புகை, ஈரம், பூச்சி மருந்து வாடை இருந்தால் எழுதவும் என்கிறது. வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலோரம் உட்கார்ந்து, தாங்கள் வைத்திருந்த வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பத்திரிகையாக விரித்து முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். அட்டைகளில் பாதிக்குமேல் கவசம் போட்ட பெண்கள் கத்தியோடு நிற்கிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் கவனித்திருக்கிறார். அவர் சாயங்காலம் வந்து உங்கள் அத்தையிடம் தாழ்ந்த குரலில், "அண்ணி, அண்ணனுக்கு உடம்பு ஏதாச்சும் சரியில்லையா?" என்று கேட்டார். அவள் உடனே விஷயத்தைச் சொல்லித் தெளிவுபடுத்தியிருக்கலாம். "இத்தனை வருஷம் நல்லாத்தான் இருந்தார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாள். நாற்பதாவது பத்திரிகையில் எனக்குத் தும்மல் பிடித்தது. அதில் ஒன்று, நியர் மின்ட் என்று அப்போதுதான் எழுதி வைத்திருந்த ஒரு பத்திரிகையின்மேல் விழுந்துவிட்டது. மறைக்க எனக்குத் தெரியாது. சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுதினேன். நிலை: ஃபைன். குறை: முன் அட்டையில் மூன்று ஈரப் புள்ளிகள், இன்றையவை.

இப்படியே நாலு நாளில் எண்பத்து மூன்று உருப்படிகளுக்குச் சீட்டு எழுதி முடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு குறையையும் விடவில்லை. தாள்களைப் பிடித்திருக்கும் கம்பிப் பின்களின் துருவை அளந்தேன். மடிந்த மூலைகளை எண்ணினேன். ஒன்றில் நாற்பத்தேழாம் பக்கத்தில் 'இந்த ராட்சசனைக் கொல்லவே முடியாது' என்று பென்சிலால் எழுதியிருந்தது, பக்கத்திலேயே காகிதம் உப்பியிருந்தது, ஆகவே 'கண்ணீர் இருக்கலாம்' என்று எழுதினேன். பாப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அப்பா, இவ்வளவு உண்மை எழுதினா யாரு வாங்குவா?" என்றாள், ஆனால் ஒன்றைக்கூட மாற்றச் சொல்லவில்லை. இங்கேயே நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

மூன்று உருப்படிகள் தனிப்பெட்டியில் இருந்தன. அவற்றில் ஒன்று 'கிணற்றுக்குள் கோட்டை' என்ற விளையாட்டுப் புத்தகம். பெரிய கம்பெனி போட்டதல்ல, யாரோ நாலு பேர் சேர்ந்து தட்டச்சு செய்து, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, முதுகில் பசை தடவி அட்டை ஒட்டியது. பசை காய்ந்து நூற்று இருபது தாள்களும் கையோடு வந்துவிட்டன. பக்கம் சரிபார்க்கவும் என்பது தங்கள் பட்டியலின் முதல் குறிப்பு, என் முப்பத்தோரு வருடத் தொழிலும் அதுதான். எண்களைப் பார்த்தேன், ஒன்றிலிருந்து நூற்று இருபதுவரை ஒன்றுகூடக் குறையவில்லை. சரி, கதையும் ஓடுகிறதா என்று படித்தேன். முதல் தாளில் கதாநாயகன் கிணற்றுக்குள் இறங்கி ஒரு கதவின்முன் நிற்கிறான். இரண்டாம் தாளில் அவன் தலை தரையில் உருள்கிறது, 'உன் கதை இத்துடன் முடிந்தது' என்று போட்டிருக்கிறது. மூன்றாம் தாளில் அவன் ஓடத்தில் உட்கார்ந்து ஓடக்காரனோடு பேசுகிறான். நாலாம் தாளில் பாம்பு கடித்துச் சாகிறான். ஐந்தாம் தாளில் ஒரு ராணி அவனைக் குளிக்கச் சொல்கிறாள்.

மாப்பிள்ளை, என்னுடைய இடத்தில் யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள், சொல்லுங்கள். எண் சரியாக இருக்கிறது, கதை தப்பாக இருக்கிறது என்றால், தாள்கள் கலைந்துபோன பிறகு யாரோ எண் போட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள். அதற்கு அத்தாட்சியும் இருந்தது. பெரும்பாலான தாள்களின் அடியில் '88ஆம் தாளுக்குப் போ' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. தப்பு நடந்துவிட்டது, தொடர்ச்சி அங்கே இருக்கிறது என்று அச்சகத்தார் மன்னிப்புக் கேட்டுப் போட்ட குறிப்பு என்று எடுத்துக்கொண்டேன். சில தாள்களில் 'கதவைத் திறந்தால் 88, திறக்காவிட்டால் 41' என்று இரண்டு எண்கள் இருந்தன. அடுத்த தாள் எது என்று அந்த அச்சகத்தாருக்கே நிச்சயமில்லை, உத்தேசமாக இரண்டு சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு அச்சகத்தின் மானம் இப்படிப் போவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இதைத் திருத்தி மாப்பிள்ளைக்குக் கொடுத்தால், புத்தகம் பார்க்கத் தெரியும் என்று அவர் சொன்னது வீண்போகவில்லை என்று ஆகுமே என்றும் நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்களைப் பரப்பிவிட்டேன். உங்கள் அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டாள். இரண்டு எண் வரும் இடங்களில் விவேகமுள்ள மனிதன் எதைச் செய்வானோ அதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். தெரியாத கதவைத் திறக்காதே, இருட்டில் இறங்காதே, ஓடக்காரனை நம்பாதே. அப்படியே அடுக்கிக்கொண்டு போனதில், அடுக்கில் நாலாவதாக வந்த தாளிலேயே கதாநாயகன் வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டான், கதை முடிந்துவிட்டது. மீதி நூற்றுப் பதினாறு தாள்கள் கையில் இருந்தன. சரி, கொஞ்சம் துணிச்சல்காரனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று, திறந்ததை முதலிலும் திறக்காததை அதற்கு அடுத்தும் வைத்தேன். ஓடக்காரனுக்கு ஒரு தாளில் கத்தியைக் கொடுத்துவிட்டு அடுத்த தாளில் கொடுக்கமாட்டேன் என்கிறான், ஆள் கொஞ்சம் மறதிக்காரன் என்று வைத்துக்கொண்டால் கதை கோவையாகவே வந்தது. சாவுகள்தான் இடித்தன. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு சாவுகள். ஒரு மனிதன் ஒரு தரம்தான் சாகமுடியும். ஆகவே இருபத்தேழு தாள்களையும் வேறு ஏதோ புத்தகத்தின் கழிவு என்று எடுத்து ஒரு உறையில் போட்டு, மேலே 'உபரி' என்று எழுதி வைத்தேன். மீதித் தொண்ணூற்று மூன்று தாள்களைத் தட்டி, அழுத்தி, முதுகில் மாவுப் பசை தடவி, அட்டையை ஒட்டி, கனத்துக்கு அம்மிக்குழவியை ஏற்றி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கே கண் நிறைந்தது. சீட்டில், நிலை: மின்ட், பக்க வரிசைப் பிழைகள் முற்றிலும் திருத்தப்பட்டன என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வியாழக்கிழமை பல் டாக்டர் வந்தார். பேசாத மனிதர். சொந்தமாகக் கையுறை கொண்டுவந்திருந்தார், நோயாளியின் வாயில் விட்டுப் பார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடியையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பத்திரிகையையும் பாதி திறந்து, கண்ணாடியை உள்ளே விட்டு முதுகின் கடைசிவரைக்கும் பார்த்தார். கொப்பளிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான் பாக்கி. என் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். தும்மல் சீட்டைப் படித்ததும் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் இருக்கலாம் என்ற சீட்டை இரண்டு முறை படித்தார். "இதெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "இருபது வருஷமா வாங்கறேன் சார், இந்த மாதிரி சீட்டு நான் பாத்ததில்ல" என்றார். மாப்பிள்ளை, அந்த நிமிஷம் தாங்கள் அந்த அறையில் இருந்திருக்கவேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் கழித்து, தாங்கள் இல்லாமல் போனதே நல்லது என்று ஆகிவிட்டது.

'கிணற்றுக்குள் கோட்டை'யை இரண்டு கையாலும் வாங்கினார். பதினோரு வருஷமாக இதைத் தேடுவதாகச் சொன்னார். திறந்தார். ஒன்று, எண்பத்தெட்டு, இருபத்து மூன்று, நூற்று ஒன்பது என்று எண்கள் ஓடின. அவர் கை நின்றது.

"சார், இது ஏன் இப்படி இருக்கு?"

"கலைஞ்சு போயிருந்தது. வரிசையா அடுக்கிட்டேன்."

"வரிசையாவா?"

"இப்ப முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் அப்படியே படிச்சுட்டுப் போகலாம். எங்கயும் தேடவேண்டாம்."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிவரை புரட்டிவிட்டு, "இதுல அவன் சாகவே இல்லையே. சாவெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"தனியா உறையில போட்டு வெச்சிருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். மேலே எழுதியிருந்ததைப் படித்தார்.

பிறகு அவர் எனக்குச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. படிக்கிறவர்தான் கதாநாயகனாம். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று படிக்கிறவர் முடிவு செய்து, அதற்குரிய எண்ணுக்குப் போகவேண்டுமாம். தப்பாக முடிவு செய்தால் சாவாம், செத்தால் மறுபடி முதல் தாளாம். தாள்கள் கலைந்து கிடப்பதுதான் விளையாட்டாம். "ரெண்டு எண் போட்டது அச்சகத்துக்குத் தெரியாம இல்ல சார். உங்களைக் கேக்கறாங்க" என்றார். அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "மாப்பிள்ளை வந்ததும் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எண்பத்தாறையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப்போனார். போகிற வேகத்தில் கண்ணாடியைக்கூட மேஜையிலேயே மறந்துவிட்டார்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஒரே ஒரு நல்ல காரியம், நான் போட்டது மாவுப் பசை. பசை போட்டால் கழற்றும்படி போடு என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். ஈரத்துணியை முதுகில் வைத்து, பாப்பாவும் நானும் ஒரு தாள்கூடக் கிழியாமல் பிரித்து, எண்படி மறுபடியும் அடுக்கினோம். சாவுகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தபோது இருபத்தாறுதான் இருந்தன. அறுபத்தொன்றாம் தாளைக் காணோம். வீடு முழுக்கத் தேடி, குப்பைக் கூடையைக் கவிழ்த்து, எதிர்வீட்டுத் தபால்காரரையும் சந்தேகப்பட்ட பிறகு, உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "அதுல நல்லா எழுதியிருந்தான், நிதானமா படிக்கலாம்னு வெச்சேன். சாவெல்லாம் உபரின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். இப்போது நூற்று இருபதும் இருக்கின்றன. புதுச் சீட்டில், இந்தப் பிரதி ஒருமுறை தவறாக அடுக்கி ஒட்டப்பட்டு, பிரித்துச் சரிசெய்யப்பட்டது, செய்தவரின் அறியாமையே காரணம் என்று எழுதியிருக்கிறேன். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். இனி அந்தப் புத்தகத்தை என் கை தொடாது.

இப்போது எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். விவேகமுள்ளவன் செய்வதையே செய்தால் நாலாம் தாளில் கதை முடிந்துவிடுகிறது என்பதை நான் என் கையாலேயே அடுக்கிப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தாங்கள் வேலையை விட்டபோது நான் அந்த நாலாம் தாளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். பழைய பேப்பர் என்று பதினாலு பேர் முன்னால் சொன்னது தப்பு. அது தங்கள் மனதைச் சுட்டது என்று தெரிந்தும் இரண்டு வருடம் சும்மா இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. எனக்கு அதில் வெட்கமாக இருக்கிறது. நம்பி ஒரு வேலை கொடுத்தீர்கள், ஒரு நல்ல வாடிக்கையாளரைத் துரத்திவிட்டேன். தாங்கள் திரும்பி வரும்போது என் முகத்தில் விழிக்கும் சங்கடம் வேண்டாம் என்று, நானும் உங்கள் அத்தையும் திங்கட்கிழமை மூத்தவள் வீட்டுக்குப் புறப்படுகிறோம். பெட்டி கட்டியாகிவிட்டது. புத்தகம் பார்க்கத் தெரியும் என்று தாங்கள் சொன்னதைத் தாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எனக்கு மனக்குறை இல்லை.

வெயிலில் அலையவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடவும். மூச்சுள்ளவரை தங்கள் தொழில் செழிக்க நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவனின் ஆசி என்றும் தங்களுக்கு உண்டு. உங்கள் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறைக் கட்டைப் பார்சலாக ஒட்டுவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது, மேலே எழுதியதில் சில மாற்றங்கள். நாங்கள் மூத்தவள் வீட்டுக்குப் போகவில்லை. புத்தகம் பீரோவில் இல்லை. தாள்கள் சரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்க, அதை விளையாடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. சாவியைக் கேட்டதும் உங்கள் அத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டாள், அறுபத்தொன்றுக்கு மட்டும் போய்விடாதீர்கள் என்றாள். பல் டாக்டர் இன்று காலை கண்ணாடியை எடுத்துக்கொண்டு போக வந்தவர், புதுச் சீட்டைப் படித்துவிட்டு, தன் குற்றத்தைத் தானே சீட்டில் எழுதி வைத்த கடையை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லி, எண்பத்தாறையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எண்பத்தைந்துதான் தரமுடியும் என்று நான் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. வீட்டில் நாலாயிரம் புத்தகம் வைத்திருக்கிறாராம், ஒன்றைக்கூட விளையாடியதில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினார், மூன்றாவதாகப் போன தாளிலேயே செத்துப்போனார், திங்கட்கிழமை மறுபடி வருகிறார். இதோடு அந்த ஒரு புத்தகத்தின் திருத்திய சீட்டை இணைத்திருக்கிறேன். நிலை: குட். குறை: கடைசித் தாளில், விளையாடுகிறவர் கணக்கு எழுதும் கட்டங்களில், பலம், அதிர்ஷ்டம், கையிருப்புக் கத்திகள் ஆகியவை பென்சிலால் நிரப்பப்பட்டுள்ளன. எழுதியவர்: கடைக்காரரின் மாமனார். தாங்கள் இதைச் சின்ன வயதிலேயே முடித்திருப்பீர்கள் என்று பாப்பா சொல்கிறாள். ராணி குளிக்கச் சொல்லும் இடத்தில் நான் ஒன்பது தடவை செத்துவிட்டேன். குளித்தால் 72, மறுத்தால் 15. எதற்குப் போகவேண்டும் என்று உடனே போன் செய்து சொல்லுங்கள். பாப்பாவிடம் சொல்லி அனுப்பவேண்டாம், போனை நானே எடுக்கிறேன்.